ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றுவதைத் தவிர வேறு என்னதான் நடக்கும்?

கேள்வி கேட்டவரை நண்பர் வீட்டில் ஆவணி அவிட்டச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பூணூல் மாற்ற அஞ்சு நிமிஷம் போதுமே, இதுக்கு ஏன் அரை நாள் லீவு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். நான் பெண், பூணூல் போடாத ஆள். ஆனால் பிறந்த வீட்டில் சாமவேதம், புகுந்த வீட்டில் யஜுர்வேதம் என்று இரண்டு ஆவணி அவிட்டங்களையும் அடுப்படியிலிருந்து காதில் வாங்கி வளர்ந்ததால், யார் எந்த இடத்தில் மந்திரத்தை விழுங்குகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

பூணூல் மாற்ற அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. அறுந்து போனால், தீட்டு கழிந்தால் என்று வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள். இந்த நாளின் காரியத்துக்குப் பெயர் உபாகர்மா. அதாவது வேதப் படிப்பைத் தொடங்குவது. பழைய நாளில் இப்படித் தொடங்கிய படிப்பைத் தை மாதத்தில் உத்ஸர்ஜனம் என்று ஒரு சடங்கு செய்து நிறுத்தி வைத்து, அதன் பிறகு இலக்கணம், ஜோதிஷம் போன்ற வேதாங்கங்களைப் படிப்பார்களாம். அடுத்த வருஷம் மறுபடி உபாகர்மா. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் புது யூனிஃபார்ம் போடுகிற மாதிரிதான் இந்தப் புதுப் பூணூல். யூனிஃபார்ம் மட்டும் ஊருக்கே தெரிந்திருக்கிறது, பள்ளிக்கூடம் மறந்துபோய்விட்டது.

மறந்துபோனதற்கு மன்னிப்புக் கேட்பதில்தான் நாளே ஆரம்பிக்கிறது. தையில் உத்ஸர்ஜனம் செய்கிற வழக்கம் பெரும்பாலான வீடுகளில் போயே போய்விட்டது. அதற்குப் பிராயச்சித்தமாக யஜுர்வேதிகள் 'காமோகார்ஷீத்' ஜபம் செய்கிறார்கள். 'ஆசை செய்தது, கோபம் செய்தது' என்பதுதான் அந்த மந்திரம் சொல்வது. நான் செய்யவில்லை, என்னைச் செய்ய வைத்தார்கள் என்கிற தொனி. எனக்கு இது ரொம்பப் பிடித்த மந்திரம். இவ்வளவு சாமர்த்தியமான மன்னிப்பை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. இதை 108 தடவை சொல்ல வேண்டும், முடிந்தவர்கள் 1008. விரல் கணுவில் எண்ணிக்கொண்டே போவார்கள். "எத்தனையாச்சு?" என்று என் கணவரைக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அந்த ஆட்டலுக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு என்று அர்த்தம்.

அப்புறம் உச்சிவேளை சந்தியாவந்தனமான மாத்யாஹ்னிகம், வேதத்தில் கொஞ்சம் ஓதித் தர்ப்பணம் விடும் பிரம்மயக்ஞம். பிரம்மயக்ஞத்தின் கடைசியில் வருகிற பித்ரு தர்ப்பணம் அப்பா இல்லாதவர்களுக்கு மட்டும். "அப்பா இருக்கறவா இதோட நிறுத்திக்கலாம்" என்று வாத்தியார், அதாவது சடங்கை நடத்திவைக்கும் புரோகிதர், மைக்கில் சொல்வார். யார் யார் நிறுத்தாமல் தொடர்கிறார்கள் என்று கூடத்திலிருக்கும் பெண்களின் கண் தானாகப் பார்க்கும்.

அடுத்தது மகாசங்கல்பம். பொடிசுகளுக்கு இதுதான் கொண்டாட்டம். சங்கல்பம் என்றால் எங்கே, எப்போது, எதற்காக இந்தக் காரியம் செய்கிறோம் என்று சொல்வது. சாதாரண நாளில் இரண்டு வரியில் முடியும். அன்றைக்குப் பிரம்மாண்டத்திலிருந்து ஆரம்பித்து, பதினான்கு லோகம், ஏழு தீவு, ஏழு கடல் என்று வரிசையாக இறங்கி வந்துதான் நம் ஊருக்கே வரும். அந்த ஏழு கடல்கள் என்னென்ன? உப்புநீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர். கள்ளுக்கடல் வரும்போது வாத்தியார் குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. என் பிள்ளை மட்டும் வருஷா வருஷம் சித்தப்பாவைத் திரும்பிப் பார்ப்பான். அதற்குப் பிறகு தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களின் நீண்ட பட்டியல். அதைக் கேட்டுக்கொண்டு வடைக்கு அரைத்தால் சில பாவங்களுக்கு முகம் ஞாபகம் வரும்.

ஸ்நானம் முடித்து வந்து, வலது உள்ளங்கை மேலே, இடது கை கீழே என்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு 'யக்ஞோபவீதம் பரமம் பவித்ரம்' சொல்லி மாட்டிக்கொள்வதுதான் நீங்கள் கேட்ட பூணூல் மாற்றம். பிரம்மசாரிக்கு ஒன்று, கல்யாணமானவர்களுக்கு இரண்டு, உத்தரீயத்துக்கு, அதாவது மேல்துண்டுக்குப் பதிலாக மூன்றாவதும் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பழையதைக் கழற்றி நீரில் விடுவார்கள். பிரம்மசாரிகளுக்குப் புது மௌஞ்சி (இடுப்பில் கட்டும் புல்கயிறு), மான்தோல், பலாச மரக் கோல் எல்லாம் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் பூணூல் போட்ட பையனாக இருந்தால் தலை ஆவணி அவிட்டம், அன்று வீட்டில் மாப்பிள்ளை மரியாதைதான் அவனுக்கு.

பூணூலை மாலையாகப் போட்டுக்கொண்டு எள்ளும் அட்சதையும் கலந்த தண்ணீரைச் சுண்டுவிரல் பக்கமாகச் சரித்து விடுவார்களே, அது காண்டரிஷி தர்ப்பணம். யஜுர்வேதத்தின் பகுதிகளைக் கொடுத்த பிரஜாபதி, சோமன், அக்னி முதலானவர்களுக்கு நன்றி. பிறகு ஹோமம்.

கடைசியில் வருவது வேதாரம்பம். எனக்கு இந்த நாளே அந்தப் பத்து நிமிஷம்தான். கொதிக்கிற பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் போய் நின்றுகொள்வேன். வாத்தியார் 'இஷே த்வோர்ஜே த்வா' என்று யஜுர்வேதத்தின் தொடக்கத்தைச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். 'அக்னிமீளே புரோஹிதம்' என்று ரிக், 'அக்ன ஆயாஹி வீதயே' என்று சாமம், 'சன்னோ தேவீ' என்று அதர்வணம். அதோடு விடாமல், பாணினியின் 'அ இ உண்', நிகண்டு என்கிற வேதச் சொற்பட்டியலின் முதல் சொற்கள், ஜோதிஷத்தின் முதல் சுலோகம், 'அதாதோ தர்ம ஜிக்ஞாஸா', 'அதாதோ பிரம்ம ஜிக்ஞாஸா' என்று மீமாம்சையும் பிரம்மசூத்திரமும் வரை ஒவ்வொன்றிலும் முதல் வரி. ஒரு பெரிய நூலகத்தில் இருக்கிற அத்தனை புத்தகத்தையும் முதல் பக்கம் திறந்து காட்டி மூடிவிடுகிறார்கள். இரண்டாவது வரி எந்த வருஷமும் வந்ததில்லை. பாடசாலைப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் வரப்போவதும் இல்லை. அரை நாள் ஆகிறதே என்று முணுமுணுப்பவர்கள், உண்மையில் இது ஆறு மாசத்துக்கான வேலை என்பதை யோசிப்பதில்லை. இதை என் மாமனாரிடம் ஒரு தரம் சொன்னேன். "முதல் வரியாவது இருக்கேம்மா" என்றார்.

ஆவணி அவிட்டம் ஏன் வீட்டுக்கு வீடு வேறு நாளில், சில வருஷம் ஆடியிலேயே வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். யஜுர்வேதிகளுக்குச் சிராவண மாதப் பௌர்ணமி, ரிக்வேதிகளுக்கு அதே மாதத்துத் திருவோண நட்சத்திரம், சாமவேதிகளுக்குப் பாத்ரபத மாதத்து ஹஸ்தம். சிராவணம் சந்திரனை வைத்துக் கணக்கிடும் மாதம், நம் ஆவணி சூரியனை வைத்து. அதனால்தான் 2025-இல் யஜுர் உபாகர்மா ஆகஸ்ட் 9 அன்று, அதாவது ஆடி 24-ஆம் தேதியே வந்துவிட்டது. என் பிறந்த வீட்டு உபாகர்மா விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வரும், சில வருஷம் அதே நாளிலேயே. அம்மா ஒரு அடுப்பில் கொழுக்கட்டை, இன்னொரு அடுப்பில் அப்பம் என்று நிற்பாள்.

அந்த 2025-ஐ நான் லேசில் மறக்க மாட்டேன். ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை வரலக்ஷ்மி நோன்பு, 9 ஆவணி அவிட்டம், 10 காயத்ரி ஜபம். சனிக்கிழமை காலையில் நோன்புக் கலசத்து அம்மனுக்குப் புனர்பூஜை (மறுநாள் செய்யும் முடிவுப் பூஜை) செய்து அரிசி டிரம்மில் எடுத்து வைப்பதற்குள், கூடத்தில் தர்ப்பையையும் எள்ளையும் பரப்பிவிட்டார்கள். என் வலது மணிக்கட்டில் ஒன்பது முடிச்சுப் போட்ட மஞ்சள் சரடு அப்படியே இருந்தது. நாங்களும் நூல் கட்டிக்கொள்கிறோம், ஆனால் அதற்கு யாரும் லீவு தருவதில்லை என்பதைப் போகிற போக்கில் பதிவு செய்துவிடுகிறேன்.

இது பிராமணர்கள் மட்டும் செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். மதுரைப் பக்கம் சௌராஷ்டிரர்கள் விமரிசையாகச் செய்வார்கள். விஸ்வகர்மா சமூகத்தாரும் ஆரிய வைசியர்களும் பூணூல் மாற்றிக்கொள்கிறார்கள். யாருக்குப் பூணூல் என்ற சண்டையும் பழையதுதான். புதுச்சேரியில் இருந்தபோது பாரதியார் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு காயத்ரி உபதேசம் செய்ததை அக்கம்பக்கம் லேசில் எடுத்துக்கொள்ளவில்லை. நேபாளத்தில் இதே பௌர்ணமி ஜனை பூர்ணிமா. ஜனை என்றால் பூணூல். அங்கே அதை மாற்றுவதோடு, எல்லாருக்கும் மணிக்கட்டில் ஒரு சரடு கட்டிவிடுகிறார்கள். ஒன்பது வகைப் பயறுகளை முளைகட்டி 'க்வாட்டி' என்று ஒரு சூப்பும் வைப்பார்கள். வட இந்தியாவில் அன்றுதான் ரக்ஷாபந்தன்.

இனி நீங்கள் சாப்பிடப் போகிற விஷயம். காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு போங்கள், இலை போட மத்தியானம் தாண்டிவிடும். ஆண்கள் கோயிலிலோ மண்டபத்திலோ முடித்து வந்தால் வாசலில் ஆரத்தி எடுப்பார்கள், அதற்குக் குறுக்கே நடக்காதீர்கள். வடை, பாயசம், அப்பம் நிச்சயம் உண்டு. பூணூல் போட்ட பையன்கள் வரிசையாகப் பெரியவர்களை நமஸ்காரம் பண்ணும்போது நீங்களும் பெரியவராகிவிட வாய்ப்பு இருக்கிறது, பையில் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கும் இருக்கச் சொன்னால் சாதத்தை எதிர்பார்க்காதீர்கள், எங்கள் பக்கத்தில் அன்றிரவு பலகாரம்தான். மறுநாள் காலை 1008 காயத்ரி இருக்கிறது என்று ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள்.