வாசகர் கேள்வி: லினன் துணியில் புல்லியன் முடிச்சு

கேள்வி: மேசைவிரிப்புக்கென வாங்கிய லினன் துணியில், புல்லியன் முடிச்சால் (ஊசியில் நூலைப் பல தடவை சுற்றி, அச்சுற்றுகளுக்குள்ளால் ஊசியை இழுத்துப் போடும் எம்பிராய்டரித் தையல்) ரோசாப்பூ தைக்க முயல்கிறேன். சுற்றிய நூலுக்குள் ஊசி சிக்கிவிடுகிறது. இழுத்தால் முடிச்சு கோணுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஹற்றன்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பெரும்பாலும் ஊசியே இதற்குக் காரணம். வழக்கமான எம்பிராய்டரி ஊசியின் காது அதன் தண்டைவிட அகலமானது என்பதால், சுற்றுகளைக் கடக்கும்போது நூல் அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. காதும் தண்டும் ஏறத்தாழ ஒரே பருமனாக உள்ள மில்லினர் ஊசியைக் கேட்டு வாங்குங்கள். சுற்றுகளின் மொத்த நீளம், துணியில் ஊசி எடுத்த இடைவெளிக்குச் சமமாக இருந்தால் முடிச்சு நேராகப் படியும்; இதழ் வளைய வேண்டுமானால் 2 அல்லது 3 சுற்றுகளைக் கூட்டுங்கள். நூலின் முறுக்கு அவிழாத திசையில், இறுக்காமல் சுற்றி, அச்சுற்றுகளைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி ஊசியை மெதுவாக இழுப்பதே இத்தையலின் உயிர். இதில் மட்டும் அவசரம் வேண்டாம். வளையச் சட்டத்தில் துணியைச் சற்றுத் தளர்த்தியே வையுங்கள். லினன் முதற் சலவையில் சுருங்கக்கூடியது. ஆகவே, தைக்கும் முன்பே கழுவிவிடுங்கள். நம் மலைநாட்டு மழைக்காலத்தில், அரைகுறையாக உலர்ந்த துணியை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; அந்தக் கறை எளிதில் போகாது.