கேள்வி: பனிமலை, பள்ளத்தாக்கு, பழைய ஊர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பார்க்க எந்த நாட்டுக்குப் போகலாம்?

தயங்காமல் ஜார்ஜியா என்பேன். மொத்தமே சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டும் காக்கசஸ் சிகரங்கள், கிழக்கே திராட்சைத் தோட்டங்கள், மேற்கே கருங்கடல்.

சின்ன நாடுதானே என்று கருங்கடல் ஊர் பத்துமி, மலையூர் மெஸ்தியா, குகை மடாலயம் வார்ட்சியா எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள். மலைச் சாலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, பாதிப் பொழுது வண்டியிலேயே கழிந்துவிடும். தலைநகர் திபிலீசி, மித்ஸ்கேத்தா, காஸ்பேகி, சிக்னாகி. ஒரு வாரத்துக்கு இவை தாராளம்.

மித்ஸ்கேத்தா பழைய தலைநகர், திபிலீசியிலிருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். முதலில் குன்றின் மேலிருக்கும் 6ஆம் நூற்றாண்டு ஜ்வாரி மடாலயத்துக்குப் போங்கள். மதிலோரம் நின்றால் அராக்வி ஆறும் குரா ஆறும் கூடுவது கீழே தெரியும். இரண்டு நீரும் வேறு வேறு நிறம். கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடும்.

அங்கிருந்து வடக்கே காஸ்பேகி. ஸ்தெபான்ஸ்மிந்தா என்பது ஊரின் இப்போதைய பெயர். திபிலீசியிலிருந்து காலையில் போய் இரவு திரும்பும் டூர்கள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வண்டிகள் போய்ச் சேரும் மதிய நேரத்தில் காஸ்பெக் சிகரத்தைப் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். ஓர் இரவாவது தங்குங்கள். விடியற்காலையில் சிகரம் துலங்கும் வாய்ப்பு அதிகம். முதலில் உச்சிப் பனியில் மட்டும் வெயில் படும், ஊர் இன்னும் நிழலிலேயே கிடக்கும். அப்புறம் 2,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெர்கெத்தி தேவாலயத்துக்கு நடந்தே ஏறுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேர ஏற்றம். முடியாதவர்களுக்கு வண்டி உண்டு. ஆபத்துக் காலங்களில் மித்ஸ்கேத்தாவின் புனிதப் பொருள்களை இங்கே கொண்டுவந்துதான் காத்தார்கள்.

சிக்னாகி, கக்கேத்தி பகுதியில் மதில் சூழ்ந்த குன்றூர். கீழே அலசானி பள்ளத்தாக்கு. மண்ணில் புதைத்த பெரிய களிமண் தாழிகளில் ஒயின் செய்யும் முறையை இங்கே நேரில் பார்க்கலாம்; 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபு அது. கக்கேத்தியின் அரசி கேதேவான் 1624இல் பாரசீகத்தில் கொல்லப்பட்டார். அவருடைய திருவெச்சம், அதாவது எலும்பு எச்சம், கோவாவில் பழைய தேவாலய இடிபாட்டில் கிடைத்தது, 2021இல் இந்தியா அதில் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. இது தெரிந்த பிறகு அந்த ஊர் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

சாப்பாட்டுக்குச் சைவர்கள் கவலைப்பட வேண்டாம். மண்சட்டியில் வரும் பீன்ஸ் லோபியோ, வால்நட் விழுது வைத்த கத்தரிக்காய், சீஸ் ரொட்டி கச்சாபுரி எல்லா ஊரிலும் கிடைக்கும். கின்காலி கொழுக்கட்டையில் காளானோ சீஸோ வைத்ததைக் கேளுங்கள். இறைச்சி சாப்பிடுபவர்கள் கொழுக்கட்டையின் குடுமியைப் பிடித்து ஓரமாகக் கடித்து, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மிச்சத்தைத் தின்ன வேண்டும். குடுமியைத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிரில் பனிச்சரிவு பயத்தால் காஸ்பேகி சாலையை அவ்வப்போது மூடிவிடுவார்கள். விசா விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.