டேப்லெட்டில் ஓடும் குப்பை எழுத்துகள்: எஸ்.டி.ஆர். வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள கையடக்கச் சிற்றலை வானொலி இருக்கிறது. அதன் இயர்போன் துளையிலிருந்து ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் இயர்போன் துளைக்குச் சாதாரண ஸ்டீரியோ கேபிள் போட்டு, சிக்னலை எழுத்தாகவும் படமாகவும் மாற்றும், அதாவது டிகோடு செய்யும் செயலிகளையும் நிறுவிவிட்டேன். ஆர்.டி.டி.ஒய். (வானொலித் தட்டச்சு முறை) செயலியில் பொருளற்ற எழுத்துகள் இடைவிடாமல் ஓடுகின்றன. எஃப்.டி.8 (ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியினரின் குறுஞ்செய்தி முறை) செயலியில் ஒன்றுமே வரவில்லை. வானிலை வரைபடம் தரும் வானிலை ஃபேக்ஸில் வெறும் புள்ளிகள்தான். இணையத்தில் எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் வானொலி) விற்கும் ஒருவரிடம் கேட்டேன். "யூ.எஸ்.பி. எஸ்.டி.ஆர். குச்சி ஒன்று வாங்கி டேப்லெட்டில் செருகுங்கள், ராணுவச் செய்தி உட்பட எல்லாம் எழுத்தாக வந்துவிடும்" என்கிறார். வாங்கலாமா? அல்லது டேப்லெட்டே போதாதா, கணினிதான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் வானொலியிலும் டேப்லெட்டிலும் எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. வானொலியின் ஒலி டேப்லெட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் என் கணிப்பு.

டேப்லெட்டின் இயர்போன் துளை அடிப்படையில் ஒலியை வெளியே விடும் வழி. ஒலியை உள்ளே வாங்கும் மைக் இணைப்பும் அதே துளையில்தான் இருக்கிறது. ஆனால் அது நான்காவது தொடுமுனையில் இருக்கிறது. ஹெட்செட் பிளக்கைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்களும் அவற்றுக்கு இடையே நான்கு உலோகப் பகுதிகளும் தெரியும். நீங்கள் போட்ட ஸ்டீரியோ கேபிளில் இரண்டு வளையங்கள்தான் இருக்கும். அதைச் செருகியதும் டேப்லெட், "மைக் இல்லாத இயர்போன் வந்திருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு, தன் உடலில் உள்ள சொந்த மைக்கையே தொடர்ந்து கேட்கிறது. அதே நேரத்தில், மறுமுனையைச் செருகியதால் வானொலியின் ஒலிபெருக்கி அடங்கிவிடுகிறது. ஆகவே செயலி இத்தனை நேரமும் கேட்டது உங்கள் அறையின் மின்விசிறியைத்தான்.

இதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். கேபிள் செருகியிருக்கும்போதே டேப்லெட்டின் மைக் துளைக்கு அருகில் விரல் நகத்தால் தட்டுங்கள். செயலித் திரையில் மேலிருந்து கீழாக வழியும் அந்த வண்ணப் பட்டையில் தட்டும்போதெல்லாம் ஒரு குறுக்குக் கோடு பளிச்சிட்டால், கேபிள் வழியாக எதுவும் வரவில்லை என்று பொருள்.

அப்படியானால் ஆர்.டி.டி.ஒய்.யில் எழுத்துகள் எப்படி வந்தன? அந்த முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து பிட். மொத்தம் 32 சேர்க்கைகள்தான்; அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் எழுத்தோ எண்ணோ குறியோ உண்டு. பிழையைச் சரிபார்க்கும் ஏற்பாடு கிடையாது. எனவே வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் அது எழுத்தாக அச்சடித்துக்கொண்டே இருக்கும். எஃப்.டி.8 அப்படியல்ல. செய்தியோடு சரிபார்ப்பு எண் ஒன்றும் சேர்ந்து வருகிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் ஒரு வரியும் காட்டாது. ஒரு செயலியில் குப்பையும் மற்றொன்றில் வெறுமையும் வருவது இதனால்தான். இரண்டுக்கும் நோய் ஒன்றே. தயவுசெய்து அந்தக் குப்பை எழுத்துகளை ரகசியச் சங்கேதம் என்று நினைத்து எவரிடமும் "டிகோடு சாவி" வாங்கிவிடாதீர்கள். அப்படி விற்பவர்கள் இருக்கிறார்கள். ராணுவங்களின் சிற்றலைச் செய்திகள் முறையாக மறையாக்கம் செய்யப்பட்டவை. வீட்டுக் கணினி எதுவும் அவற்றைத் திறக்காது, எத்தனை செயலி வாங்கினாலும் திறக்காது. திறந்த மொழியில் வருபவையே போதிய அளவு இருக்கின்றன: வானிலை வரைபடங்கள், கடலோடிகளுக்கான வானிலை அறிக்கைகள், ஹாம் வானொலியினரின் எழுத்து உரையாடல்கள், அவர்கள் அனுப்பும் படங்கள். இவற்றில் எதைக் கேட்கலாம், எதைப் பிறரிடம் பகிரக்கூடாது என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு விதி. உங்கள் நாட்டு விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதல் மருந்து, கேபிளைக் கழற்றி வைப்பது. அறையை அமைதியாக்கி, வானொலியின் ஒலிபெருக்கியை டேப்லெட்டின் மைக் பக்கம் திருப்பி, இரண்டு சாண் தள்ளி வையுங்கள். நடுத்தர ஒலி போதும். இந்த எளிய வழியிலேயே எஃப்.டி.8, எஸ்.எஸ்.டி.வி. (ஹாம் வானொலியினர் படம் அனுப்பும் முறை) இரண்டும் நன்றாக வரும். இதில் ஒரு தடங்கல் வரலாம். பேச்சைத் தெளிவாக்குவதற்காகப் பல டேப்லெட்டுகள் சீரான ஓசையை இரைச்சல் என்று முடிவு கட்டி அடக்கிவிடும். நமக்கு வேண்டிய சிக்னலோ அந்தச் சீரான ஓசைதான். செயலியின் அமைப்புகளில் ஒலி மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால், பதப்படுத்தாத ஒலியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கணினியிலும் மைக்குக்கான ஒலி மேம்பாடுகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும்.

நிரந்தர ஏற்பாடு வேண்டுமென்றால் டேப்லெட்டில் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவும் ஓ.டி.ஜி. இணைப்பானும் மைக் துளை தனியாக உள்ள சிறிய யூ.எஸ்.பி. ஒலி அட்டையும் போதும். மைக் துளை மிக மெல்லிய சிக்னலுக்காகச் செய்யப்பட்டது. இயர்போன் துளையிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு வலிமையானது. வானொலியின் ஒலியைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கி, வண்ணப் பட்டை முழுவதும் வெளுத்துப் போகாத அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். பலர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். சத்தம் கூடினால் தெளிவும் கூடும் என்று நினைக்கிறார்கள், கூடுவது சிதைவுதான்.

ஒலி சேர்ந்த பிறகு வருகிற பகை, டேப்லெட்டும் அதன் சார்ஜரும் பரப்பும் மின்காந்த இரைச்சல். வானொலியை பேட்டரியில் ஓட விட்டு, ஏ.எம். நிலையில் ஒலிபரப்பு ஏதும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். டேப்லெட் அணைந்திருக்கும்போது மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி கேட்கும். டேப்லெட்டை இயக்குங்கள், திரையைத் தொடுங்கள், கடைசியாக சார்ஜரைச் செருகுங்கள். ஒவ்வொரு படியிலும் வானொலி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சார்ஜர் ஏறியதும் ஒரு கரகரப்பு வந்து நிலையத்தையே விழுங்கிவிடுவதைப் பெரும்பாலும் கேட்பீர்கள். மின்சாதனங்கள் எவ்வளவு இரைச்சல் விடலாம் என்பதற்கு வரம்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள், முத்திரையும் அடிக்கிறார்கள். ஆனால் முத்திரை அடித்த சார்ஜரைத் திறந்து பார்த்தால் இரைச்சலைத் தடுக்கும் பாகங்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். கடைக்கு வரும் சரக்கை யாரும் எடுத்துச் சோதிப்பதாகத் தெரியவில்லை. சிற்றலை கேட்பவர்கள் ஒரு தலைமுறையாகப் புகார் கொடுத்து ஓய்ந்துவிட்டார்கள். எனவே உங்களால் செய்யக்கூடியதைச் செய்யுங்கள்: டிகோடு செய்யும் நேரம் முழுவதும் டேப்லெட் பேட்டரியிலேயே ஓடட்டும். சில மீட்டர் உறையிட்ட கம்பியை வானொலியின் ஏரியலில் மாட்டி, ஜன்னல் வழியாக டேப்லெட்டிலிருந்து விலக்கி வெளியே விடுங்கள். இடி மின்னல் தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஒலிக் கேபிளில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினால் டேப்லெட்டின் இரைச்சல் அந்த வழியாக வானொலிக்கு ஏறுவது குறையும். "சிக்னல் பூஸ்டர்" வேண்டாம். சிக்னலோடு இரைச்சலையும் அது பெருக்கிவிடும்.

வானொலியை வைக்கும் நிலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃப்.டி.8, பி.எஸ்.கே.31 (ஹாம் வானொலியினரின் எழுத்து உரையாடல் முறை), வானிலை ஃபேக்ஸ் ஆகியவற்றுக்கு மேல் பக்கப்பட்டை, அதாவது வானொலியில் யூ.எஸ்.பி. என்று எழுதியிருக்கும் நிலை (இது கேபிள் செருகும் யூ.எஸ்.பி. அல்ல). எஃப்.டி.8-க்குப் பகலில் 14.074 மெகாஹெர்ட்ஸ், இரவில் 7.074. அதில் ஒவ்வொரு சுற்றும் சரியாக 15 விநாடி. டேப்லெட்டின் கடிகாரம் ஒரு விநாடிக்குள் துல்லியமாக இல்லாவிட்டால் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் வரி வராது. ஃபேக்ஸில் இன்னொரு சங்கதி: அட்டவணையில் அச்சிட்டிருக்கும் அதிர்வெண்ணிலிருந்து 1.9 கிலோஹெர்ட்ஸ் கழித்து வைக்க வேண்டும். ஜெர்மனி வானிலைத் துறையின் 7880 கிலோஹெர்ட்ஸ் வரைபடத்துக்கு வானொலி 7878.1-இல் நிற்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 120 வரி. இந்தக் கழித்தல் தெரியாமல் நல்ல வானொலிகளைப் பழுதென்று விற்றவர்கள் உண்டு.

இந்த அலைக்கழிப்பு எதுவும் இல்லாமல் சோதித்துப் பார்க்க ஷார்ட்வேவ் ரேடியோகிராம் என்ற வாராந்திர நிகழ்ச்சி இருக்கிறது. கிம் ஆண்ட்ரூ எலியட் 2013-இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் தொடங்கிய ரேடியோகிராம், 2017-இலிருந்து இந்தப் பெயரில் தனியாக வருகிறது. சாதாரண ஏ.எம். ஒலிபரப்புக்குள்ளேயே எழுத்தும் படமும் வரும், எஸ்.எஸ்.பி. வேண்டாம். செயலியில் எம்.எஃப்.எஸ்.கே.32 என்ற டிகோடு முறையில் தொடங்குங்கள்.

இப்போது அந்தக் குச்சிக்கு வருவோம். மலிவாக விற்கும் எஸ்.டி.ஆர். குச்சிகள் தொலைக்காட்சிக்காகச் செய்த சில்லைக் கொண்டவை. அவற்றில் பரவலாக உள்ள டியூனர் ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. சிற்றலையோ 3 முதல் 30 வரை. "100 கிலோஹெர்ட்ஸிலிருந்து" என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் டியூனரைத் தாண்டி நேரடியாக உள்ளே விடும் குறுக்கு வழியை வைத்துத்தான். அந்த வழியில் அந்தச் சில்லு விநாடிக்கு 2.88 கோடி மாதிரிகள் எடுக்கிறது. அதில் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸில் காகிதம் மடிவதுபோல் அலைவரிசை மடிந்துவிடும். 15.4-இல் ஒலிபரப்பும் நிலையம் 13.4-இலும் தலைகாட்டும், எது நிஜம், எது நிழல் என்று புதியவருக்குத் தெரியாது. போதாததற்கு சிக்னலை எண்களாக்கும் அதன் எண்மாற்றி வெறும் 8 பிட். பலமான ஒலிபரப்பு ஒன்று அருகில் இருந்தால் மெல்லிய சிக்னல்கள் எல்லாம் அமுங்கிவிடும். பெயர்பெற்ற குச்சிகளின் போலிகள் வேறு அதே உலோக உறையில் சந்தையில் நிறைந்திருக்கின்றன. குச்சி டேப்லெட்டிலிருந்தே சுமார் 300 மில்லிஆம்பியர் இழுக்கும். பேட்டரி இறங்கியதும் சார்ஜரைத் தேடுவீர்கள், கரகரப்பு திரும்பி வரும். உங்களிடம் பேசிய விற்பனையாளர் இதில் ஒன்றையாவது சொன்னாரா? ஐபேடில் இந்தக் குச்சிகளை நேரடியாகச் செருகும் எண்ணமே வேண்டாம்.

எஸ்.டி.ஆர். வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்று: டி.ஆர்.எம். எனப்படும் எண்முறைச் சிற்றலை ஒலிபரப்பு. ஏ.எம். வானொலியில் அது வெறும் பேரிரைச்சலாகக் கேட்கும். உங்கள் வானொலியின் ஒலியை எந்தச் செயலிக்குக் கொடுத்தாலும் அது வராது, கேபிள் சரியாக இருந்தாலும் வராது. காரணம், டி.ஆர்.எம். சிக்னல் வழக்கமாக 10 கிலோஹெர்ட்ஸ் அகலம். வானொலி அதை ஒலியாக மாற்றும்போதே ஓரங்களை வெட்டி எறிந்துவிடுகிறது. மிஞ்சியதிலும் செயலிக்கு வேண்டிய நுட்பமான தகவல் அழிந்துவிடுகிறது. ஒலியாக மாற்றப்படும் முன்பே சிக்னல் கணினிக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் வானொலியைத் திறந்து, உள்ளிருந்து 12 கிலோஹெர்ட்ஸில் தனி இணைப்பு எடுத்தார்கள். உங்கள் வானொலியில் அதை முயலாதீர்கள். இதற்கு எஸ்.டி.ஆர். வேண்டும், அதுவும் 8 பிட் குச்சியை நம்பி இறங்க வேண்டாம். சிற்றலைக்கென்றே வடிகட்டிகள் உள்ள 14 பிட் வகையைப் பாருங்கள். கூடவே கணினியும் ட்ரீம் என்ற இலவச மென்பொருளும் தேவை. ட்ரீமில் நிலையத்தின் பெயர் தெரிந்தும் குரல் வராவிட்டால் எஸ்.டி.ஆர். மீது பழி போடாதீர்கள். ஒலிச் சுருக்கத்தை விரிக்கும் நூலகம் அந்தப் பதிப்பில் சேர்ந்திருக்காது. டி.ஆர்.எம். ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 2003-இல். இத்தனை ஆண்டுகளாகியும் சாதாரணக் கேட்பவர் கடைக்குப் போய் வாங்கி வரும்படியான பெட்டியைப் பரவலாகக் கொண்டுவர ஒருவருக்கும் மனமில்லை. பிறகு, கேட்பவர் இல்லை என்று சொல்லி ஒலிபரப்பையே நிறுத்துகிறார்கள். ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31 அன்று சிற்றலையை மூடியபோதும் நேயர்களின் குரல் எடுபடவில்லை.

டி.ஆர்.எம். மீது உங்களுக்கு ஆசை இல்லையென்றால் டேப்லெட்டே தாராளம். விசிறி கிடையாது, பேட்டரியில் பல மணி நேரம் ஓடும். இரவெல்லாம் ஃபேக்ஸ் படங்களைச் சேமிக்கவோ பல முறைகளை ஒருசேர டிகோடு செய்யவோ நினைக்கும் நாளில் பழைய மடிக்கணினி ஒன்றில் எஃப்.எல்.டிஜி. என்ற டிகோடு மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். டேப்லெட்டின் பிரவுசரில் பொதுவில் திறந்துவைத்திருக்கும் கிவி எஸ்.டி.ஆர். நிலையம் ஒன்றுக்குப் போங்கள். வேறு யாரோ நிறுவிய ஏரியலும் கருவியும் அவை. 30 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம், ஃபேக்ஸும் எஃப்.டி.8-உம் அங்கேயே டிகோடு ஆகும். சரியான சிக்னல் காதுக்கும் கண்ணுக்கும் எப்படி இருக்கும் என்று பழகிவிட்டு உங்கள் வானொலிக்குத் திரும்புங்கள். ஃபேக்ஸின் 'கிரீச் கிரீச்' தாளம் ஒருமுறை காதில் ஏறிவிட்டால், செயலி காட்டும் முன்பே அடையாளம் தெரிந்துவிடும்.

விரல் நகச் சோதனை, கேபிள் இல்லாத முயற்சி, சார்ஜர் சோதனை மூன்றையும் இதே வரிசையில் செய்து பாருங்கள். அதன் பிறகும் வரி வராவிட்டால் வானொலியின் மாடல், வைத்த அதிர்வெண், பக்கப்பட்டை, உலகப் பொது நேரம், வண்ணப் பட்டையின் படம் ஆகியவற்றோடு எழுதுங்கள்.