பஸ் இப்போது எங்கே வருகிறது என்ற நேரலைத் தகவலை அரசு தனியார் செயலிகளுக்குக் கொடுப்பது சரியா?

சரிதான், கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தகவலின் உரிமை போக்குவரத்துக் கழகத்திடமே இருக்கும் என்று முதலில் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். போக்குவரத்துத் தரவுக் கோப்புகளோடு வேலை செய்கிறவன் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணிக்கிற வேலையை அந்த நகரம் நெக்ஸ்ட்பஸ் என்ற தனியார் சேவையிடம் விட்டிருந்தது. அந்தக் கணிப்புகளைக் காட்டிய ரூட்டீசி என்ற ஐபோன் செயலியை 2009-ல் ஆப்பிள் நீக்கியது. தகவலை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை தனக்கே என்று ஒரு நிறுவனம் புகார் செய்ததுதான் காரணம். தகவல் தன்னுடையது என்று நகர நிர்வாகம் சொல்ல வேண்டியதாயிற்று. மக்கள் பணத்தில் ஓடுகிற பஸ் எங்கே இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்ல இவ்வளவு தகராறு ஏன்?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்துக் கழகமான டிரைமெட் வேறு வழியில் போனது. 2005 டிசம்பரில் கூகுளின் பயணத் திட்டச் சேவை அந்த ஒரு நகரத்தோடுதான் தொடங்கியது. நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, வழித்தடங்களுக்கு ஒரு கோப்பு, நேரங்களுக்கு ஒரு கோப்பு என்று அட்டவணையைச் சாதாரண உரைக் கோப்புகளாகப் பிரித்தார்கள். ஜிடிஎஃப்எஸ் என்கிற அந்த வடிவம் எல்லோருக்கும் திறந்திருந்ததால் கூகுளோடு நிற்காமல் உலகம் முழுக்கப் பரவியது. தாமதம், வண்டி இருக்கும் இடம், சேவை அறிவிப்பு ஆகியவற்றுக்கான நேரலை வடிவம் 2011-ல் வந்தது.

லண்டனில் சுமார் 19,000 பஸ் நிறுத்தங்கள். வருகை நேரப் பலகை இருந்ததோ ஏறத்தாழ 2,500-ல் மட்டும். எல்லா இடத்திலும் பலகை வைப்பதைவிடத் தகவலைத் திறந்துவிடுவது எளிது, திறந்துவிட்டார்கள். 600-க்கும் மேற்பட்ட செயலிகள் அதைப் பயன்படுத்துவதாகவும், ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை பலன் இருப்பதாகவும் டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தின் 2017 அறிக்கை மதிப்பிட்டது.

தனியாரிடமிருந்தும் கேட்டு வாங்கலாம். 2014-ல் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி தொடங்கிய திட்டத்தில், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதை நகரங்கள் கொடுக்கும். ஓட்டுநர்கள் தெரிவிக்கிற விபத்து, நெரிசல் விவரங்களை வேஸ் கொடுக்கும். காசு கைமாறுவதில்லை.

ஒன்றை மட்டும் எந்தத் தனியாரும் செய்து தர முடியாது. காலையில் டிப்போவில் ஒரு வண்டி பழுதாகி வேறு வண்டி போகிறது. அதை உடனே கணினியில் மாற்றாவிட்டால், செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான வண்டியைத்தான் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்கிற அம்மா அதை நம்பி ஆட்டோவை அனுப்பிவிட்டிருப்பார். அதனால் ஒவ்வொரு டிப்போவிலும் இந்த மாற்றங்களைப் பதிய ஒரு ஆளை, முழுநேரமாக, கழகத்தின் சம்பளத்தில் போட வேண்டும். செயலி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதற்கு நிதி ஒதுக்கச் சொல்லி உங்கள் ஊர்க் கழகத்திடம் கேளுங்கள்.