பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள்

நீண்ட தூர சைக்கிள் பயணத்தில் என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

அக்கா, போன மாதம் என் முதல் 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டினேன். 120 வரை பறந்தேன். பிறகு திடீரென்று கால் ஓய்ந்து, கண் மங்கி, காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. காலையில் வயிறார சாப்பிட்டுத்தான் கிளம்பினேன். வழியில் பசியே இல்லாததால் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன். என் பயிற்சி போதவில்லையா? — ஒரு கல்லூரி மாணவி

உன் பயிற்சியில் குறை இல்லை தங்கையே. தீர்ந்துபோனது உன் உடம்பில் இருந்த சர்க்கரை. சைக்கிள்காரர்கள் இதை ‘பாங்க்’ என்பார்கள்.

எனக்கு அது என் முதல் 300-ல், 190-ஆவது கிலோமீட்டரில் வந்தது. சைக்கிள் நகரவே இல்லை. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறது என்று உறுதியாக நம்பி, இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மீதி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடப் பார்த்தேன். 300-லிருந்து 190-ஐக் கழிக்க என்னால் முடியவில்லை. கூட வந்த தோழி என்னை உட்காரவைத்து, தன் பாட்டிலில் இருந்த சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாக வைத்துக்கொள்கிறது. தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு. மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய 2000 கலோரி. தசையில் இருப்பது அந்தத் தசைக்கே போய்விடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் படியளப்பது கல்லீரல். அது காலியாகும்போது மூளைக்கே சர்க்கரை குறைகிறது. கண் மங்கியதும் அழுகை வந்ததும் அதனால்தான். அதை மனபலக் குறைவு என்று நினைத்து வருந்தாதே.

கொழுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். ஒல்லியானவர் உடம்பிலும் பல்லாயிரம் கலோரிக்குக் கொழுப்பு உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூட உடம்பு சர்க்கரையைத்தான் கேட்கும். 120 வரை பறந்தேன் என்று எழுதியிருக்கிறாய் பார், பாதிச் சேமிப்பு அங்கேயே போயிருக்கும். 200-க்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். முதல் 50 கிலோமீட்டரில் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே.

இப்போது கணக்கைப் பார். ஒரு மணி நேரம் 150 வாட் சக்தியில் மிதித்தால் 540 கிலோஜூல் வேலை. நாம் எரிப்பதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பமாகப் போய்விடும். ஒரு கலோரி என்பது நாலு கிலோஜூலுக்குச் சற்று மேல். அதனால் கிலோஜூல் கணக்கும் எரித்த கலோரிக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். மணிக்கு 540 கலோரி என்றால் பத்து மணி நேரத்துக்கு 5000-க்கு மேல். நீ சாப்பிட்ட இரண்டு வாழைப்பழம் சுமார் 200 கலோரி.

பசிக்கவில்லை என்றாயே, அதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. கடுமையாக உழைக்கும்போது பசி அடங்கிப்போகும். அது தலைகாட்டும் நேரத்தில் காரியம் கெட்டிருக்கும். அதனால் பசியைக் கேட்காதே, கடிகாரத்தைக் கேள். கிளம்பிய அரை மணிக்குள் முதல் வாய். அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. என் கடிகாரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். வேண்டுமோ வேண்டாமோ, கை ஜெர்சி பாக்கெட்டுக்குப் போய்விடும். மணிக்கு 40 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி 60 வரை கொண்டு போ. நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராம் இருக்கும். ஜாம் தடவிய இரண்டு ரொட்டித் துண்டில் 40 கிராம் அளவுக்கு. ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் 12 கிராம்.

மணிக்கு 90 கிராம் மாவுச்சத்து வரை எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு 60-ஐத் தாண்டினாலே வயிறு உப்பி, வாந்தி வருகிறது. ஜெல்லும் (பிழிந்து விழுங்கும் கெட்டிச் சர்க்கரைக் கூழ்) ஸ்போர்ட்ஸ் பானமும்தான் எடுக்கிறேன். என் வயிறு மட்டும் ஏன் இப்படி?

உங்கள் வயிறு மட்டும் இல்லை. குடலின் சுவரில் சர்க்கரை உள்ளே போக வாசல்கள் உண்டு. குளுக்கோஸுக்கு உரிய வாசலில் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் நுழையும். ஃபிரக்டோஸ் என்னும் இன்னொரு வகைச் சர்க்கரைக்கு வாசல் வேறு. அதனால் இரண்டையும் கலந்து எடுப்பவர்களால் 90-ஐத் தொட முடிகிறது. வெறும் குளுக்கோஸை அதிகமாக்கினால் மீதி குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்து வயிற்றை உப்ப வைக்கும். வீட்டில் இருக்கும் சாதாரணச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். விலை கூடிய பொடிகளைத் தேடும் முன் அதை முயன்று பாருங்கள். நான் இத்தனை வருடமாகக் கலக்குவது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு.

அடுத்தது அடர்த்தி. லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை உள்ள பானம் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கும். அதற்கு மேல் கெட்டியானால் அங்கேயே நிற்கும். ஜெல்லை ஸ்போர்ட்ஸ் பானத்தோடு விழுங்குவது கெட்டியின் மேல் கெட்டி. ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்தான் துணை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் சாப்பிடாதீர்கள்; ரத்தம் முழுக்கக் காலுக்குப் போயிருக்கும், செரிக்க ஆள் இருக்காது. உச்சிக்குப் போய், மூச்சு அடங்கிய பிறகு சாப்பிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் குடலைப் பழக்க வேண்டும். இதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. காலுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுக்கிறோம், வயிற்றுக்கு ஒரு நாள்கூடக் கொடுப்பதில்லை. வாரக்கடைசி நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 40 கிராமில் தொடங்குங்கள். தொல்லை இல்லை என்றால் மட்டும் அடுத்த வாரம் ஐந்து, பத்து கிராம் கூட்டுங்கள். நிகழ்ச்சி நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். 90 எல்லோருக்கும் தேவையும் இல்லை. பந்தயக்காரர்களின் வேகம் வேறு. என் வேகத்துக்கு 55 போதும். 600 கிலோமீட்டரையும் அதில்தான் முடித்தேன்.

மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம் குடிக்க வேண்டுமா?

கட்டாயம் என்று எதுவும் இல்லை. வியர்வை ஆளுக்கு ஆள், வெயிலுக்கு வெயில் மாறும். ஓட்டப் போகும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். 700 கிராம் குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்தும் இருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். அத்தனையையும் திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. பசியைப் போல் அல்லாமல் தாகம் பெரும்பாலும் நேர்மையானது. அதை நம்பிக் குடிக்கலாம்.

அளவுக்கு மீறிக் குடிப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தண்ணீர் மிஞ்சினால் ரத்தத்தில் உள்ள சோடியம், அதாவது உப்புச்சத்து, நீர்த்துப்போகும். அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் தலைவலி, குமட்டல், மனக் குழப்பம் வரும். முற்றினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. மோதிரம் இறுகுகிறது, விரல் வீங்குகிறது, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு எடை கூடியிருக்கிறது என்றால் குடிப்பதை நிறுத்துங்கள். தலை சுற்றலோ குழப்பமோ சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உப்புக் கலந்துதானே குடித்தேன் என்று இருந்துவிடக் கூடாது. அளவு மீறினால் உப்புத் தண்ணீரும் காப்பாற்றாது.

600 கிலோமீட்டரில் இரவு ஆனதும் இனிப்பைக் கண்டாலே குமட்டுகிறது. என்ன செய்வது?

600-க்குத் தரும் நாற்பது மணி நேரத்தையும் இனிப்பிலேயே கடத்த யாராலும் முடியாது. ஓட்டத்தின் முதல் நாள் மாலையே உப்பான உணவுக்கு மாறிவிடுங்கள். உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, வெறும் சோறு, சூப் எல்லாம் சேர்ந்து மாவுச்சத்தையும் உப்பையும் தரும். இரவில் வேகம் குறைந்திருக்கும், வயிற்றுக்கு ரத்தம் கிடைக்கும். அதனால் இருபது நிமிடம் உட்கார்ந்து, புரதமும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் நல்லது. அந்த இருபது நிமிடம் வீணே போகாது. ஹேண்டில்பார் பையில் சின்ன பல்துலக்கும் பிரஷ் ஒன்று வைத்திருக்கிறேன். பாதித் தூரத்தில் பல் துலக்கினால் வாய் புதிதாகிவிடும், மறுபடியும் சாப்பிடத் தோன்றும். செய்து பாருங்கள்.

காபியை நள்ளிரவுக்குப் பிறகான நேரத்துக்குச் சேமித்து வையுங்கள். குடித்த காஃபினில் பாதி வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூங்கத் திட்டம் இருந்தால் மாலையோடு நிறுத்திவிடுங்கள்.

எடை குறைக்கத்தான் ஓட்டுகிறேன். வழியில் சாப்பிட்டால் பலன் போய்விடாதா?

போகாது. குறைப்பதாக இருந்தால் ஓட்டாத நாட்களில் கொஞ்சம் குறையுங்கள். பட்டினியோடு 100 கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வருகிறவர் அன்று இரவு என்ன சாப்பிடுவார் என்று உங்களுக்கே தெரியும். அதைவிட முக்கியம், சர்க்கரை இறங்கிய மூளையோடு இறக்கத்தில் பாய்வது ஆபத்து.

எனக்கு 58 வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறேன். நீங்கள் சொல்லும் அளவுகள் எனக்குப் பொருந்துமா ?

பொருந்தாது ஐயா. நான் மருத்துவர் இல்லை, உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் இன்சுலின் அளவை மட்டும் கேட்காமல், எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கலாம். தனியாக ஓட்டாதீர்கள். குளுக்கோஸ் மாத்திரையை எப்போதும் ஒரே பாக்கெட்டில் வையுங்கள். அது எந்தப் பாக்கெட் என்று கூட வருபவரிடம் கிளம்பும் முன்பே காட்டிவிடுங்கள்.