15 ஆம்பியரா, 26 ஆம்பியரா?

கேள்வி: ஐயா, சூப்பர்வைசர் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். 500 கே.வி.ஏ., 11,000/433 வோல்ட், டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மர், ஹெச்.டி. (உயர் அழுத்த) லைன் கரண்ட் எவ்வளவு என்று ஒரு கணக்கு. எல்.டி. (தாழ் அழுத்த) பக்கம் 666.7 ஆம்பியர் சரியாக வந்தது. அதைச் சுற்று விகிதம் 44 ஆல் வகுத்து 15.15 என்று எழுதினேன். விடை 26.24 என்கிறார்கள். எங்கே தவறினேன்? (வாசகர், கரூர்)

பதில்: தம்பி, 15.15 ஆம்பியர் அந்த டிரான்ஸ்பார்மருக்குள் உண்மையாகவே ஓடுகிறது. ஆனால் காயிலுக்குள் ஓடுகிறது. கேள்வி கேட்டது வெளியே வரும் கம்பியில்.

நான் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். தொட்டியிலிருந்து இரும்புக் கோரைத் தூக்கி, எண்ணெய் வடிந்ததும் பார்த்தால், வெளிப்பக்கம் மெல்லிய கம்பி சுற்றிய ஹெச்.டி. காயில்கள் மூன்று. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு சேரும். அந்தச் சேர்ப்பிலிருந்துதான் ஒரு லீடு மேலே புஷிங்குக்கு (கம்பி வெளியே வரும் பீங்கான் குழலுக்கு) போகும். அதைக் கையால் தொட்டுப் பார்த்த நாளில்தான் எனக்கு டெல்டா விளங்கியது. ஒரு புஷிங்குக்கு இரண்டு காயில்களின் கரண்ட். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராததால் இரண்டு மடங்கு ஆகாமல் 1.732 மடங்கில் நிற்கிறது. 15.15 ஐ 1.732 ஆல் பெருக்குங்கள், 26.24 வந்துவிடும்.

எல்.டி. பக்கம் ஸ்டார்: மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேரும், மறுமுனை நேராக லைனுக்குப் போகும். அங்கே காயிலில் ஓடுவதுதான் லைனிலும் ஓடும். அதனால் அங்கே உங்களுக்குச் சிக்கல் வரவில்லை.

44 எப்படி வந்தது என்று பாருங்கள்: 11,000 ஐ 250 ஆல் வகுத்தது. 250 என்பது 433 ஐ 1.732 ஆல் வகுத்தது, அதாவது எல்.டி. பக்கம் ஒரு காயிலின் வோல்டேஜ். காயில் விகிதம் காயில் கரண்டைத்தான் தரும். லைன் கரண்ட் வேண்டுமென்றால் 500 ஐ 1.732 × 11 ஆல் வகுத்துவிடுங்கள். ஒரே வரி, சுற்று விகிதமே தேவையில்லை.

அப்புறம், பழக்கத்தில் 433 க்குப் பதில் 415 போட்டுவிடாதீர்கள், எல்.டி. கரண்ட் 695.6 என்று வரும். நேம் பிளேட்டில் உள்ளதையே போடுங்கள். கே.வி.ஏ. கொடுத்திருந்தால் பவர் ஃபேக்டரைத் தொடவே வேண்டாம்.

இதே வோல்டேஜில் 100 கே.வி.ஏ.வுக்குப் போட்டுப் பாருங்கள். எல்.டி. 133.3, ஹெச்.டி. லைன் 5.25, ஹெச்.டி. காயில் 3.03 ஆம்பியர் வர வேண்டும். வராவிட்டால் போட்ட தாளோடு எனக்கு எழுதுங்கள்.