கன்று முதல் கிழப்பசு வரை: கேள்வி-பதில்

பத்து ஈத்து போட்ட பசு. பருவம் தவறாமல் வருகிறது, ஆனால் எத்தனை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஏ.எம்.எச். பரிசோதனை செய்து பார்க்கலாமா?

வேண்டாம், காசு வீண். ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் வளரத் தொடங்கிய சின்ன முட்டைப்பைகள் சுரக்கும் புரதம். முட்டை இருப்பு எவ்வளவு என்பதற்கு அது ஒரு அடையாளம். கன்று பிறக்கும்போது ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் முட்டைப்பைகள், 15 வயதைத் தாண்டிய பசுவில் சில ஆயிரமாகச் சுருங்கிவிடும். ஏ.எம்.எச். அளவும் கூடவே இறங்கும். அதனால் என்ன? ஒரு பருவத்துக்கு ஒரு முட்டை போதுமே. ஒரே முறையில் நிறையக் கரு எடுப்பதற்குக் கிடேரிகளைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை உதவும்.

பருவம் ஒழுங்காக வரும் கிழப்பசுவில் நான் முதலில் சந்தேகப்படுவது கருப்பையை. ஈத்துக்கு ஈத்து உள்சுவரில் நார்த்தன்மை கூடுகிறது, பழைய அழற்சியும் தங்கிவிடுகிறது. பருவத்தில் வழியும் சளியைக் கையில் வாங்கிப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, அறுபடாமல் நீள வேண்டும். வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆண் விலங்குக்கும் ஏ.எம்.எச். உண்டாமே?

உண்டு. குட்டியாக இருக்கும்போது விரையில் இருக்கும் செர்டோலி செல்கள் (விந்தணுவைப் பேணி வளர்ப்பவை) அதை நிறையச் சுரக்கும். பருவமடைந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறியதும் சரிந்துவிடும், ஆனால் விரை இருக்கும்வரை முழுக்க மறையாது. காயடித்த குதிரை ஆண்குதிரை போலவே நடந்துகொண்டால், வயிற்றுக்குள் ஒரு விரை ஒளிந்திருக்கிறதா என்று ரத்தத்தில் இதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

தாய்ப்பன்றிக்குப் பால் போதவில்லை. பெண்குட்டிகளுக்குப் பிறந்ததிலிருந்தே பால்பவுடர் கொடுத்தால் இனப்பெருக்கத்தைப் பாதிக்குமா?

நல்ல கேள்வி. சீம்பால் என்றாலே நோய் எதிர்ப்புச் சக்தி என்று மட்டும் நினைக்கிறோம். பிறந்த பெண்குட்டியின் கருப்பையில் சுரப்பிகள் இருக்காது, பிறந்த பிறகுதான் முளைக்கும். அதற்கு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் அந்தச் செல்களில் தோன்ற வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தபோது, முதல் 2 நாள் தாய்ப்பால் குடித்த குட்டிகளின் கருப்பையில் அந்த ஏற்பி நன்றாகத் தெரிந்தது. பால்பவுடர் மட்டும் குடித்தவற்றில் மிகவும் குறைவு. சீம்பாலில் இருக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோன் போன்ற பொருள்கள்தான் இந்த வேலையைத் தொடங்கி வைக்கின்றன என்று கருதுகிறார்கள். பின்னாளில் கருவுக்கு ஊட்டம் சுரக்கப்போவது இதே சுரப்பிகள்தான். முதல் நாளில் சீம்பால் சரியாகக் கிடைக்காத பெண்குட்டிகள், வளர்ந்து தாயானதும் குறைவான குட்டிகள் போட்டதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே பவுடர் கொடுங்கள், ஆனால் சீம்பாலுக்குப் பிறகு. தாயிடம் இல்லையென்றால், அதே நாளில் ஈன்ற வேறொரு பன்றியிடம் விடுங்கள்.

பொலிகாளைக்கு விரை பெரிதாக எந்த வயதில் தீவனம் கூட்டலாம்?

முதல் 6 மாதத்துக்குள். விந்தணுவைப் பேணி வளர்க்கும் செர்டோலி செல்கள் பருவமடையும்வரைதான் பெருகும், அப்புறம் எண்ணிக்கை கூடாது. அந்த மாதங்களில் பட்டினி போட்டுவிட்டு ஒரு வயதுக்கு மேல் பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாகக் கொட்டினால் உடம்பு ஏறும், விதைப்பையில் கொழுப்பும் சேரும். அந்தக் கொழுப்பு விரையைச் சூடாக்கி விந்தைக் கெடுக்கும். கன்றுக்குப் பாலை மிச்சம் பிடிக்காதீர்கள்.